'நில்' என்று எழுதும் முன்: விமானப் பயிற்சி மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

காலையில் விமானத்தை எடுக்கும் முன் டெக் லாக்கில் கையெழுத்துப் போடுகிறீர்களே, அதற்கு மேலே இன்னொரு கையெழுத்து இருக்கும். இந்த விமானம் பறக்கத் தகுதியானது என்று சொல்லும் கையெழுத்து. இருபத்தாறு வருடமாக அதைப் போட்டு வருகிறவர்களில் நானும் ஒருவன். ஹேங்கரில் கிரீஸ் படிந்த கையோடு உங்களைக் கடந்து போகும் ஏ.எம்.ஈ. (விமானப் பராமரிப்புப் பொறியாளர்) சார்களில் ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் வேலை பார்க்கும் இடத்துப் பிள்ளைகளுக்காக மட்டும் இதை எழுதவில்லை. கடன் வாங்கி, நகையை அடகு வைத்து, உள்ளூரிலும் கடல் தாண்டியும் சிறு விமானங்களில் பறக்கக் கற்றுக்கொண்டிருக்கும் எல்லோருக்காகவும் எழுதுகிறேன்.

உங்களிடம் கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான். அதைக் கேட்பதற்கு முன்னால் ஒரு போல்ட் துளையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

2018 ஏப்ரல் 4. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் டேடோனா பீச் விமான நிலையம். எம்ப்ரி-ரிடில் விமானவியல் பல்கலைக்கழகத்தின் பைப்பர் ஆரோ விமானம் ஒன்று டச் அண்ட் கோ முடித்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு பேர். கமர்ஷியல் லைசென்ஸ் தேர்வுக்கு வந்த மாணவர், பக்கத்தில் தேர்வாளர். ஏறக்குறைய 900 அடி உயரத்தில் இடது இறக்கை உடலை விட்டுப் பிய்ந்து போனது. இருவரும் இறந்தார்கள்.

அது ஓட்டை விமானம் இல்லை. 2007-இல் தயாரானது, பதினோரு வயதுதான். விபத்து நடந்த ஆண்டு மார்ச்சில்தான் வருடாந்தர சோதனையும் முடிந்திருந்தது. 7,690 மணி நேரம் பறந்து, 33,276 முறை தரையிறங்கியிருந்தது. வகுத்துப் பாருங்கள், மணிக்கு நான்கு லேண்டிங்குக்கும் மேல். நீங்கள் தினமும் போடும் சர்க்யூட் கணக்கும் அதுதானே.

உடைந்த இடத்தை அமெரிக்க விபத்து விசாரணை வாரியமான என்.டி.எஸ்.பி. ஆராய்ந்தது. இறக்கையைத் தாங்கும் முதுகெலும்பை நாங்கள் ஸ்பார் என்போம். அதன் கீழ்ப்பட்டை உடலோடு சேரும் இடத்தில் போல்ட்டுகள் இருக்கும். விரிசல் அப்படியொரு போல்ட் துளையிலிருந்து கிளம்பியிருந்தது. கட்டடம் கட்டுகிற இடத்தில் கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் வளைப்பில் ஒன்றும் ஆகாது, பத்தாவதிலும் ஆகாது. உலோகச் சோர்வு என்பது அதுதான். அந்த ஆரோ விமானத்தில் கீழ்ப்பட்டையின் 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட பகுதி அப்படி ஏற்கெனவே சோர்ந்து விட்டிருந்தது. கடைசி நாளில் அந்த இறக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தது மிச்சமிருந்த பகுதி.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. அந்த விரிசலைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது. போல்ட்டும் தகடுகளும் மூடியிருக்கும் இடம் அது. எவ்வளவு நேர்மையான மெக்கானிக்காக இருந்தாலும், எவ்வளவு நல்ல டார்ச்சை வைத்துக்கொண்டு குனிந்தாலும் தெரிந்திருக்காது. விபத்துக்குப் பிறகு அதே பல்கலைக்கழகத்தின் மற்ற விமானங்களைச் சோதித்தார்கள். கிட்டத்தட்ட அதே வயதும் அதே உழைப்புமாக இருந்த இன்னொரு ஆரோவின் இறக்கையிலும் விரிசல் கிடைத்தது. அதில் யாரோ முதல் நாள்வரை பறந்திருப்பார்கள்.

இது முதல் தடவை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு முப்பத்தொரு வருடத்துக்கு முன், 1987 மார்ச்சில், டெக்சாஸ் மாநிலத்தின் மார்லின் என்ற ஊருக்கு அருகே ஆரோவைப் போலவே பைப்பர் பிஏ-28 குடும்பத்தைச் சேர்ந்த ஒரு விமானம் குழாய்ப் பாதையைக் கண்காணிக்கத் தாழப் பறந்துகொண்டிருந்தபோது இறக்கை பிய்ந்து விழுந்தது. உடனே அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. ஓர் ஏ.டி. போட்டது. ஏர்வொர்தினஸ் டைரக்டிவ் என்பதன் சுருக்கம் என்று கிரவுண்ட் கிளாஸில் படித்திருப்பீர்கள். உற்பத்தியாளர் அனுப்பும் சர்வீஸ் புல்லட்டின் ஆலோசனை மாதிரி. ஏ.டி. சட்டம். அதில் சொன்ன சோதனையைச் செய்யாமல் பறந்தால், அமெரிக்க விதிப்படி ஒவ்வொரு முறை பறப்பதும் தனித்தனிக் குற்றம்.

1987-இன் அந்த உத்தரவுப்படி இறக்கைகளைக் கழற்றி ஸ்பாரைப் பார்த்தார்கள். தேடிய விமானங்கள் ஏராளம், கிடைத்த விரிசல்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. இவ்வளவு செலவு எதற்கு என்ற கேள்வி வந்தது. கழற்றி மாட்டுவதிலேயே புதுச் சேதம் வரலாம் என்ற பயமும் நியாயமானதுதான். போல்ட்டை உருவும்போது துளையின் சுவரில் ஒரு கீறல் விழுந்தால் அதுவே அடுத்த விரிசலுக்கு விதை. 1989-இல் உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று கையிலிருந்த கணக்கு அதைத்தான் சொன்னது. ஆனாலும் என் தொழிலில் இருக்கும் யாரும் அந்த இரண்டு வருடங்களை, 1987-ஐயும் 2018-ஐயும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. தேடி ஒன்றும் கிடைக்காத சோதனையை வீண் செலவு என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த முப்பத்தொரு வருட இடைவெளிதான் நினைவுக்கு வருகிறது.

டேடோனா விபத்துக்குப் பிறகு எஃப்.ஏ.ஏ. 2018 டிசம்பரில் வரைவை வெளியிட்டது. திருத்தி, மறுபடி கருத்துக் கேட்டு, இறுதி உத்தரவு 2021 பிப்ரவரி 16-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் எண் 2020-26-16. இந்த எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். முதலில் ஆண்டு, அடுத்தது அந்த ஆண்டின் எத்தனையாவது இரண்டு வாரத் தொகுதி, கடைசியில் அந்தத் தொகுதியில் எத்தனையாவது உத்தரவு. பைப்பர் பிஏ-28, பிஏ-32 குடும்பங்களில் பல மாடல்களுக்கு இது பொருந்தும்.

சோதனை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். ஸ்பாரின் கீழ்ப்பக்கத்தில் வெளி ஓரத்து இரண்டு போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். துளையைத் துடைத்து, அதற்குள் நுழையும் அளவே உள்ள ஒரு ப்ரோபை உள்ளே விட்டு மெல்லச் சுழற்ற வேண்டும். ப்ரோபின் முனையில் இருக்கும் சுருளில் ஓடும் மின்னோட்டம் அலுமினியத்துக்குள் குட்டிக் குட்டிச் சுழல் மின்னோட்டங்களை எழுப்பும். குறுக்கே விரிசல் இருந்தால் அந்தச் சுழல் வழி மாறும், திரையில் கோடு துள்ளும். தொடங்கும் முன் தெரிந்த அளவில் கீறல் போட்ட ஒரு மாதிரித் துண்டின் மேல் ப்ரோபை ஓட்டி, கோடு துள்ளுகிறதா என்று உறுதி செய்துகொள்வார்கள். எடி கரண்ட் சோதனை என்பது இதுதான். இதற்கென்று தனிப் பயிற்சியும் சான்றிதழும் உள்ளவர்கள்தான் செய்யலாம். அந்த நேரத்தில் ஹேங்கரில் யாரும் சத்தமாகப் பேச மாட்டோம். யாரும் சொல்லி வந்த வழக்கம் இல்லை, அப்படியே பழகிவிட்டது.

சரி, எந்த விமானத்துக்கு இதைச் செய்ய வேண்டும்? உத்தரவின் மிக நுட்பமான இடம் இது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மீட்டரில் ஓடிய மணி நேரத்தை மட்டும் எண்ணாதே என்கிறது அது. அந்த விமானத்துக்கு எத்தனை முறை 100 மணி நேரச் சோதனை நடந்திருக்கிறது என்று லாக் புக்கில் எண்ணு. அதை 100-ஆல் பெருக்கு. மொத்த நேரத்தில் மீதி இருப்பதை 17-ஆல் வகுத்து அதோடு கூட்டு. அந்தக் கணக்கு 5,000-ஐத் தொட்டால் ஸ்பாரைப் பார்த்தாக வேண்டும்.

ஏன் இப்படி? அமெரிக்காவில் 100 மணி நேரச் சோதனை கட்டாயம் என்பது வாடகைக்கு ஆள் ஏற்றும், பணம் வாங்கிப் பயிற்சி தரும் விமானங்களுக்குத்தான். சொந்தக்காரர் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்வரும் விமானத்துக்கு ஆண்டுச் சோதனை போதும். ஆகவே எத்தனை முறை 100 மணி நேரச் சோதனை நடந்தது என்பதே அந்த விமானம் எவ்வளவு அடிபட்டிருக்கும் என்பதற்கு அடையாளம். 6,000 மணி நேரம் காட்டும் மூன்று விமானங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்கப் பயிற்சியில் ஓடி 60 முறை சோதனை கண்ட விமானத்தின் கணக்கு 6,000. பாதி வாழ்க்கையில் கை மாறி, 40 முறை மட்டும் சோதனை கண்டதன் கணக்கு 4,117 சொச்சம். ஒரே சொந்தக்காரரிடம் இருந்து அப்படி ஒரு சோதனையே காணாத விமானத்துக்கு 353. வாசலில் உறை போட்டு நிற்கும் காரும், பள்ளத்தில் எல்லாம் இறங்கி ஏறும் டவுன் பஸ்ஸும் ஒரே கிலோமீட்டரைக் காட்டினால் இரண்டையும் ஒரே மாதிரி மதிப்போமா? நீங்கள் பழகும் விமானம் டவுன் பஸ்.

அதே உத்தரவில் இன்னும் இரண்டு விவரங்கள். லாக் புக் தொலைந்துபோன, அல்லது பதிவுகள் முழுமையாக இல்லாத விமானம் என்றால் கணக்கே போட வேண்டாம், நேராகச் சோதனை செய். பதிவு இல்லாத விமானத்தின் கடந்த காலத்தை நம்ப மாட்டோம் என்று சட்டமே சொல்கிறது. இரண்டாவது, சோதனை முடிந்த 30 நாளுக்குள் முடிவை எஃப்.ஏ.ஏ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். விரிசல் இல்லை என்றாலும் இல்லை என்று எழுதித் தெரிவிக்க வேண்டும்.

ஃப்ளோரிடாவில் நடந்ததற்கும் நமக்கும் என்ன என்று நினைக்காதீர்கள். ஒரு விமானத்தை வடிவமைத்த நாடு போடும் கட்டாய உத்தரவு, அந்த வகை விமானம் உலகில் எங்கே பதிவாகியிருந்தாலும் அங்கே போய்ச் சேர வேண்டும் என்பது பன்னாட்டு ஏற்பாடு. நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வும் அந்த ஏ.டி.க்களை நிறைவேற்றச் சொல்கிறது. டேடோனாவில் இறந்த இருவரின் பொருட்டு எழுதப்பட்ட காகிதம் நம் ஹேங்கர் மேசைக்கும் வரும். பைப்பர் மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவில் மவுண்ட் ஐசாவுக்கு அருகே 2019 மே 26-இல் தாழப் பறந்து நில ஆய்வு செய்துகொண்டிருந்த ஒரு செஸ்னா 210-இன் இறக்கை பிய்ந்து இருவர் இறந்தார்கள். இறக்கைகளை இணைக்கும் ஸ்பாரில் ஒரு துருக்குழியிலிருந்து விரிசல் கிளம்பியிருந்தது. அதற்கான உத்தரவும் அடுத்த ஆண்டே வந்தது. கடற்கரையை ஒட்டிய நிலையங்களில் பறக்கும் பிள்ளைகள் துரு என்ற சொல்லை இனிமேல் சாதாரணமாகக் கடந்து போகாதீர்கள். உப்புக் காற்று இரவெல்லாம் வேலை செய்யும்.

ஸ்பார் உங்கள் கைக்கு எட்டாது. எட்டும் இடத்தில் இருக்கும் ஒன்றைச் சொல்கிறேன்.

செஸ்னா 152, 172-இல் உட்கார்ந்ததும் இருக்கையை முன்னே இழுத்துப் பூட்டுகிறீர்கள் அல்லவா? தரையில் இருக்கும் அந்தத் தண்டவாளத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும். இருக்கைக்கு அடியில் உள்ள பின் அதில் ஒரு துளைக்குள் இறங்குவதுதான் பூட்டு. ஆயிரம் பேர் ஏறி இறங்கி, பின் இடித்து இடித்து, வட்டத் துளை நீள்வட்டமாகத் தேயும். ஷூவில் ஒட்டி வந்த மண் துளைக்குள் அடைத்துக்கொண்டால் பின் முழுதாக இறங்காது. இப்படி அரைகுறையாகப் பூட்டிய இருக்கை எப்போது வழுக்கும் தெரியுமா? டேக்-ஆஃபில் வேகம் பிடித்து மூக்கு மேலே தூக்கும் அந்த நொடியில். ஆள் பின்னால் போவார். கையில் பிடித்திருக்கும் கண்ட்ரோல் வீலும் கூடவே பின்னால் வரும். மூக்கு இன்னும் செங்குத்தாக ஏறும். கால் ரடர் பெடலை எட்டாது. தரை மட்டும் பக்கத்திலேயே இருக்கும். இதில் உயிர்கள் போனதால்தான் 1987-இல் ஏ.டி. வந்தது, 2011-இல் அதைத் திருத்தி மறுபடி போட்டார்கள். 100 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு துளையின் தேய்மானத்தையும் பின்னின் பிடிப்பையும் அளக்கிறோம் என்றால் அதனால்தான். பெருக்கும்போது துளைகளிலிருந்து வந்த மண்ணை ஒருமுறை வெள்ளைத் தாளில் கொட்டி வகுப்பில் காட்டினேன். டீஸ்பூன் அளவு இருந்தது.

நான் இளையவனாக இருந்தபோது ஒரு பயிற்சி நிலையத்தில் நடந்தது. ஒரு மாணவி இறங்கி வரும்போது, "சார், சீட் லேசா ஆடுது" என்று பயிற்றுநரிடம் சொன்னாள். அவர் சரி என்றார். அடுத்த பேட்ச் காத்துக்கொண்டிருந்தது. டெக் லாக்கில் எழுதவில்லை. மறுநாள் வந்த பயிற்றுநருக்கு அது தெரியாது, ஏ.எம்.ஈ.க்கும் தெரியாது. வேறொரு பையன் அதே இருக்கையில் உட்கார்ந்து டேக்-ஆஃபுக்கு ஓடினான். இருக்கை பின்னால் போனது. சக்கரம் தரையை விடுவதற்குள் பயிற்றுநர் த்ராட்டிலை இழுத்துவிட்டார். ரன்வேயிலேயே நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை. அந்த மாணவி சொன்னது பொய்யில்லை, கேட்டவரும் கெட்டவரில்லை. வாயால் சொன்னது அன்று சாயங்காலத்தோடு போய்விட்டது.

இக்னிஷன் சுவிட்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1976-லிருந்தே ஒரு ஏ.டி. உண்டு, பென்டிக்ஸ் சாவிச் சுவிட்சுகளுக்கானது. இன்ஜின் ஐட்லில் ஓடும்போது சாவியை ஆஃப் பக்கம் கடைசிவரை திருப்பினால் இன்ஜின் சத்தம் அறுந்து நிற்கத் தொடங்க வேண்டும். தொடர்ந்து ஓடினால் சுவிட்ச் பழுது, மேக்னெட்டோ உயிரோடிருக்கிறது. அப்படிப்பட்ட விமானத்தின் புரொபெல்லரை யாராவது கையால் நகர்த்தினால் இன்ஜின் ஒரு சுற்றுச் சுற்றினாலும் போதும், உயிர் போய்விடும். சாவி பாக்கெட்டில் இருக்கிறது என்ற தைரியத்தில் புரொபெல்லரைத் தொடாதீர்கள்.

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு 172-க்கு 100 மணி நேரச் சோதனை. கவுலிங்கைக் கழற்றிவிட்டு இன்ஜினுக்குப் பின்னாலிருக்கும் ஃபயர்வாலின் அடிப்பகுதியில் டார்ச்சைச் சாய்த்து அடித்தேன். நேராக அடித்தால் தெரியாது, சாய்த்து அடித்தால்தான் நிழல் விழும். மூக்குச் சக்கரத்தின் கால் ஃபயர்வாலோடு சேரும் இடத்தில், நகக்கண் அகலத்துக்குத் தகட்டில் ஒரு மடிப்பு. அதன் முகட்டில் பெயிண்ட் மயிரிழையாக வெடித்திருந்தது. விரலை வைத்துப் பார்த்தேன். மேடும் பள்ளமும் தட்டுப்பட்டது. முந்தைய சோதனையில் அந்த இடம் சுத்தமாக இருந்தது, பார்த்ததும் நான்தான்.

ஃபயர்வால் தானாக மடங்காது. மூக்குச் சக்கரம் முதலில் தரையில் மோதியிருக்க வேண்டும். டெக் லாக்கை எடுத்தேன். பழுது எழுதும் கட்டத்தில் பக்கம் பக்கமாக ஒரே சொல். நில். நில். நில். ஒன்றுமில்லை என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதிய சொல்தான். அன்று இரவு தனியாக உட்கார்ந்து புரட்டிக்கொண்டிருந்தபோது அது எனக்குத் தமிழாகவே தெரிந்தது. அத்தனை வரிகளில் ஒரு வரியிலாவது யாராவது நின்றிருக்க வேண்டும்.

மாணவர்களைக் கூப்பிட்டுக் கேட்டோம். யாரும் பேசவில்லை. இரவு எட்டரை மணி இருக்கும், ஹேங்கரைப் பூட்டப் போனேன். ஒரு பையன் வாசலிலேயே நின்றிருந்தான்.

"சார், அது நான்தான்."

"எப்போ?"

"பதினெட்டு நாள் ஆச்சு சார். சோலோ. ரெண்டு தடவை குதிச்சுது. மூணாவது தடவை மூக்குதான் மொதல்ல பட்டுது. இறங்கிச் சுத்திப் பார்த்தேன். புரொபெல்லர்ல ஒண்ணும் படல. வெளியில ஒண்ணுமே தெரியல சார்."

அவன் சொன்னது உண்மை. வெளியில் ஒன்றும் தெரியாது. நான் திட்டவில்லை. உள்ளே கூட்டிப்போய் டார்ச்சை அவன் கையில் கொடுத்து, எப்படிச் சாய்க்க வேண்டும் என்று காட்டினேன். மடிப்பின் நிழல் விழுந்ததும் அவன் கை நடுங்கியது, நிழலும் சேர்ந்து ஆடியது. பிறகு டெக் லாக்கை விரித்து, அந்த நாளுக்கு அப்புறம் அந்த விமானத்தை எடுத்தவர்களின் பெயர்களை இருவரும் எண்ணினோம். பதினோரு பேர். கடைசிப் பெயர் அவனுடைய அறைத் தோழனுடையது. அதற்குப் பிறகு அவன் எதுவும் பேசவில்லை. ஃபயர்வால் வேலை முடிய மூன்று வாரம் ஆனது. வகுப்பு முடிந்ததும் தினமும் சாயங்காலம் வந்து எங்களுக்கு டார்ச் பிடித்தான்.

ஏன் எழுதவில்லை என்று அவனிடம் நான் கேட்கவே இல்லை. எனக்குத் தெரியும். கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் வேண்டும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வீட்டில் யாரோ வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஹார்ட் லேண்டிங் என்று ஒரு வரி எழுதினால் விமானம் சோதனைக்கு நிற்கும், வரிசையில் இருக்கும் நண்பர்கள் முறைப்பார்கள், சோலோ நிறுத்தப்படலாம், செக் ஃப்ளைட் போகச் சொல்லலாம். அதைவிட, எல்லோருக்கும் முன்னால் "உனக்கு ஃப்ளேர் தெரியாதா?" என்று ஒருவர் கேட்பது பத்தொன்பது வயதில் பெரிய காயம். இதெல்லாம் எனக்கும் என் போன்றவர்களுக்கும் தெரியும். எழுதிய பிள்ளையைத் திட்டி அனுப்பும் பயிற்றுநர்களும், விமானம் நின்றால் நஷ்டம் என்று முகத்தைக் காட்டும் நிர்வாகிகளும் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது தவறு. அதை அவர்களிடம் நேரில் சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன். ஒரு மாணவர் தானாக வந்து பழுது எழுதும் நிலையத்தைவிட, வருடம் முழுக்க 'நில்' மட்டுமே எழுதியிருக்கும் நிலையத்தைக் கண்டுதான் எனக்குப் பயம்.

ஆனால் அவர்கள் மாறும்வரை நீங்கள் காத்திருக்க முடியாது. காரணம் இதுதான். மேலே சொன்ன உத்தரவுகள் எல்லாமே பதிவை நம்பித்தான் நிற்கின்றன. 100 மணி நேரச் சோதனை எத்தனை என்று பதிவு சொல்லும். எத்தனை லேண்டிங் என்று பதிவு சொல்லும். எந்த லேண்டிங் எலும்பில் இறங்கியது என்பதை, நீங்கள் எழுதினால் ஒழிய, உலகில் எந்தக் காகிதமும் சொல்லாது. தயாரிப்பாளரின் பராமரிப்புக் கையேட்டில் ஹார்ட் லேண்டிங்குக்குப் பிறகு எங்கெங்கே பார்க்க வேண்டும் என்று தனியாகவே எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் திறப்பதற்கு உங்கள் ஒரு வரி வேண்டும். காற்றுக் கொந்தளிப்பில் மாட்டி இறக்கை உதறியதா, ஃப்ளாப் இறக்கிய நிலையில் வேக வரம்பைத் தாண்டினீர்களா, பிரேக் ஒரு பக்கம் இழுத்ததா, எதுவானாலும் எழுதுங்கள். அது பழுதா இல்லையா என்று முடிவு செய்வது உங்கள் வேலை இல்லை, எங்கள் வேலை. நாங்கள் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று எழுதினால் உங்களுக்கு அவமானம் இல்லை. அதற்காகத்தான் சம்பளம் வாங்குகிறோம்.

அப்படியே இன்னொன்றும் செய்யுங்கள். நீங்கள் பறக்கும் விமானத்தின் ஏ.டி. பட்டியலை ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு உத்தரவும் எப்போது, எந்த முறையில் நிறைவேற்றப்பட்டது, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியதாக இருந்தால் அடுத்தது எப்போது என்று அதில் இருக்கும். அமெரிக்காவில் பயிலப் போகிறவர்களிடம் தேர்வாளர் வாய்மொழித் தேர்விலேயே லாக் புக்கைக் கொடுத்து இதைக் கேட்கலாம். அதற்காக மனப்பாடம் செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மனப்பாடம் செய்த அன்றே ஒரு உத்தரவையாவது முழுதாகப் படியுங்கள். ஆரம்பத்தில் இரண்டு மூன்று வரிகளில் இது ஏன் வந்தது என்று இருக்கும். விரிசல் கிடைத்தது, இருக்கை நகர்ந்தது என்று வறட்டு மொழியில்தான் எழுதியிருப்பார்கள். பெயர்கள் இருக்காது. ஆனால் பலவற்றில் அந்த வரிகளுக்குப் பின்னால் யாரோ ஒருவர் உங்கள் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.

வருகிற வெள்ளிக்கிழமை காலை எங்கள் 172 ஒன்றுக்கு 100 மணி நேரச் சோதனை தொடங்குகிறது. ஆறு மணிக்குக் கவுலிங்கைக் கழற்றுவோம். எங்கள் நிலையத்துப் பிள்ளைகள் வாருங்கள். மற்ற ஊர்களில் இருப்பவர்கள் உங்கள் ஹேங்கரில் அடுத்த சோதனை என்றைக்கு என்று கேட்டுப் போய் நில்லுங்கள். சீட் தண்டவாளத்தை நீங்களே பெருக்கலாம். டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்க நான் காட்டித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் கையெழுத்துக்கு மேலே கையெழுத்திடும்
ஓர் ஏ.எம்.ஈ.